ஹபீபுன்னிசா நடந்த டிசம்பர்கள்

எங்கள் பக்கத்து வீட்டு ஹபீபுன்னிசாவுக்கு வருடத்தில் ஏறக்குறைய நாற்பது நாட்கள்தான் கால்கள் உண்டு. டிசம்பர் பத்தாம் தேதிக்கு மேல் வரும், ஜனவரி இருபதுக்குள் போய்விடும். அலங்காரத்துக்காக இப்படிச் சொல்லவில்லை. பதினாறு குளிர்காலங்களாகத் தேதிவாரியாக எழுதி வைத்திருக்கிறேன்.

நான் பஞ்சாலையில் வேலை பார்த்தவன். நூல் அறுந்து போகாமலிருக்க ஆலைக்குள் ஈரமும் சூடும் எவ்வளவு என்று மணிக்கொரு தரம் அளந்து எழுதுவது என் வேலை. அந்தப் பழக்கத்தில் 1987 முதல் வீட்டிலும் ஒரு வெப்பமானி வைத்து, தினமும் காலை ஆறு பத்துக்குப் பார்த்துக் குறித்து வருகிறேன். குறிப்பேட்டின் கடைசிக் கட்டத்தில் 'இதர விவரம்' என்று ஓர் இடம் உண்டு. மழை, மின்தடை, வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்று எழுதுவேன். 2010 டிசம்பர் 17 முதல் அந்தக் கட்டத்தில் 'ஹ. நடந்தார்' என்ற இரண்டு சொற்கள் வரத் தொடங்கின.

ஹபீபுன்னிசா 1975இல் கோட்டைமேட்டில் பிறந்தவர். அவருடைய அத்தா ஒரு பேக்கரியில் கேக் மாஸ்டர். கிறிஸ்துமஸ் நெருங்கினால் இரவு வேலை இருக்கும். பனியில் மப்ளர் சுற்றிக்கொண்டு விடியற்காலையில் வருவார். கையில் உடைந்த பிளம் கேக் துண்டுகள் கட்டிய பொட்டலம் இருக்கும். அதைத் தின்றுகொண்டே தெருவில் ஓடுவாராம் மகள். "எனக்குக் குளுருன்னா கேக் வாசந்தானுங்க அண்ணா" என்று பலமுறை சொல்லியிருக்கிறார். பஷீரைக் கல்யாணம் கட்டிக்கொண்டு குறிச்சிக் குளத்துக்குப் பின்னாலிருக்கும் எங்கள் தெருவுக்கு வந்த பிறகு மொபெட் ஓட்டக் கற்று, முன்னால் மகன் தாரிக்கையும் பின்னால் மகள் அஃப்ராவையும் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போய் வருவார். தெருவிலேயே வேகமான நடை அவருடையது.

2009 ஏப்ரல் 19, ஞாயிற்றுக்கிழமை. அன்றைய உச்ச வெப்பம் 38.4 டிகிரி. வீட்டை ஒட்டடை அடித்துவிட்டு, உடம்பு வலிக்கிறதே என்று கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் குளித்தார். குளியலறைக் கதவைத் திறந்தவருக்குக் கால் எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. வலது கண்ணில் புகை மூடியது. அப்போது அவருக்கு வயது முப்பத்து நான்கு. முதுகெலும்பு என்றார்கள், சத்துக் குறைவு என்றார்கள். ஏழு மாதம் கழித்துத்தான் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று பெயர் தெரிந்தது.

பஷீர் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டுகிறவர். அவர் எனக்கு அந்த நோயை விளக்கியதைவிடத் தெளிவாக எந்த மருத்துவரும் விளக்கியிருக்க முடியாது.

"ஒயரு நல்லாத்தான் இருக்குதுங்க அண்ணா. மேல இருக்கற இன்சுலேசன் அரிச்சுப் போச்சு. சூடாச்சுன்னா கரண்டு போய்ச் சேர மாட்டேங்குது. ஆறுச்சுன்னா மறுக்கா ஓடுது. என்ற ஊட்டுக்காரி மோட்டாராயிட்டாளுங்க."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "உங்க கடைக்கு வர்ற மோட்டாரு அத்தனையும் நீங்க கைய வெச்சதுக்கப்புறந்தான் சுத்தமா நிக்குது. என்னைத் தொடாதீங்க."

அப்படிச் சிரிக்கிற பெண்தான். ஆனால் பிப்ரவரி முதல் நவம்பர் வரை கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவில் ஆறடி தூரத்தை அவர் கடப்பதைப் பார்த்தவர்கள் சிரிக்க மாட்டார்கள். உடம்புச் சூடு அரை டிகிரி ஏறினால் போதும், கால் துணியாகிவிடும்.

அந்த 2010 டிசம்பரில் ஒருநாள் காலை மதில் ஓரம் நிழலாடியது. சுவரைப் பிடித்துக்கொண்டு ஹபீபுன்னிசா நின்றுகொண்டிருந்தார்.

"ஏனுங்கண்ணா, உங்க கண்ணாடிக் குழாய்ல இன்னைக்கு எவ்ளோங்க?"

"பதினெட்டு புள்ளி ஒண்ணுங்க அம்மணி."

"அதான். கால் வந்துருச்சுங்க."

அன்று முதல் எங்களுக்குள் ஒரு கணக்கு ஏற்பட்டது. பத்தொன்பதுக்குக் கீழே என்றால் குளக்கரை வரை போகலாம். இருபத்தொன்று வரை தெருமுனை. அதற்கு மேல் என்றால் வாசல்படிகூட வேண்டாம். மூன்று வீடு தள்ளியிருக்கும் ஆசிரியர் பிரவின்குமார் டிசம்பர் முதல் தேதி மொட்டைமாடியில் காகித நட்சத்திரம் கட்டுவார். நவம்பர் கடைசியிலிருந்தே ஹபீபுன்னிசா மகளைக் கேட்டுக்கொண்டிருப்பார், "வாத்தியாரு ஊட்டுல நட்சத்திரம் ஏத்தியாச்சா?" என்று. பத்தாம் தேதிக்கு மேல் ஒரு நாள் காலை ஆறரைக்கு அந்த வீட்டுக் கதவு திறக்கும். வாசலிலிருந்து குளக்கரை இருநூற்று நாற்பது மீட்டர். கரையில் பனி தண்ணீரோடு ஒட்டிக் கிடக்கும். மேற்கே மலை இருக்குமிடத்தில் வெறும் வெள்ளைதான் இருக்கும். அவர் அங்கே போய் இரண்டு கையையும் விரித்து நிற்பார். திரும்பும்போது முனை பேக்கரியில் தேநீரும் பிளம் கேக்கும். அத்தா செய்ததற்கு இது கால் தூசி பெறாது என்று சொல்லிக்கொண்டே முழுதும் தின்பார். எனக்கும் என் மனைவி பங்காரம்மாவுக்கும் மதிலுக்கு மேல் ஒரு துண்டு வரும். ஒரு மனுஷி குளிரை அப்படி அனுபவித்து நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அஃப்ராவுக்கு வரன் பார்க்கத் தொடங்கியபோது தொல்லை ஆரம்பித்தது. நல்ல இடங்களாக இரண்டு வந்தன. நோயின் பெயரைக் கேட்டதும் இரண்டும் போயின. அம்மாவுக்கு இருந்தால் பெண்ணுக்கும் வரும் என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். மூன்றாவதாக ஈரோட்டில் போர்வை, படுக்கை விரிப்பு மொத்த வியாபாரம் செய்யும் குடும்பம் ஒன்று வந்தது. மாப்பிள்ளைக்குத் தாத்தாவின் பெயரே, நாகூர் மீரான். 2024 டிசம்பர் 29 அன்று பெண் பார்க்க வந்தார்கள். காலை 17.9.

ஹபீபுன்னிசாதான் எல்லோருக்கும் தேநீர் கொடுத்தார், தன் கையால், நடந்து நடந்து. ஆண்கள் நூல் விலை பேசத் தொடங்கினார்கள். மாப்பிள்ளையின் அம்மா மைமூன் எழுந்துவிட்டார்.

"இவங்க பேச்சு முடியறதுக்குள்ள நாம கெழவி ஆயிருவோம். வாங்க, காத்தாட அப்பிடிப் போயிட்டு வரலாம்."

மைமூனும் ஹபீபுன்னிசாவும் மட்டும் போனார்கள். ஐம்பது நிமிடம் கழித்துக் கையில் கேக் பொட்டலத்தோடு சிரித்துக்கொண்டே திரும்பினார்கள். மைமூன் தன் கணவரிடம் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "பொண்ணப் பாத்து என்னங்க ஆவுது? நான் அம்மாளப் பாத்துப்போட்டேன். முடிச்சுருங்க."

அன்று மாலை பஷீர் மதிலருகே வந்து நின்றார். முகம் செத்திருந்தது.

"அண்ணா, சொல்லலீங்க."

"எதைங்க?"

"நோயப் பத்தி. சொல்லத்தான் வாயத் தொறந்தேன். அந்நேரம் பாத்து இவ அந்தம்மா கையப் புடிச்சுட்டு, சின்னப்புள்ளையாட்டச் சிரிச்சுட்டே நடந்து வர்றா. எப்பிடிங்க சொல்றது?"

ஈரோட்டார் மே மாதம் கல்யாணம் வைக்கலாம் என்றார்கள். பஷீர் பதறிப்போய், அஃப்ராவின் பி.எட். படிப்பைக் காரணம் காட்டி, அடுத்த அரைப்பரீட்சை விடுமுறைக்குத் தள்ளினார். மண்டபம் காலியாக இருக்கும் மூன்று தேதிகளை எழுதிக்கொண்டு என்னிடம் வந்தார். மற்றவர்கள் நல்ல நாள் பார்ப்பார்கள். பஷீர் நல்ல வெப்பம் பார்க்க வந்தார். முப்பத்தெட்டு வருடக் குறிப்பேடுகளையும் புரட்டி, டிசம்பர் 28க்கு விடியற்காலைச் சராசரி 18.2 என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். மூன்றில் அதுதான் குறைவு. ஐந்து வருடங்களில் அதே தேதியில் 22க்கு மேல் இருந்ததை நான் எழுதவில்லை. கேட்கவும் இல்லை, சொல்லவும் மனம் வரவில்லை.

இடைப்பட்ட மாதங்களைப் பொய்யால்தான் கடந்தார்கள். ஜூனில் மைமூன் சொல்லாமல் கொள்ளாமல் வந்தபோது, தாரிக் அம்மாவின் கணுக்காலில் கட்டுப் போட்டு, வழுக்கி விழுந்துவிட்டார் என்றான். ஆகஸ்டில் வருகிறேன் என்றபோது, உறவில் ஒரு மவுத்து, சாவுக்கு அம்மா தென்காசி போயிருக்கிறார் என்றார்கள். ஹபீபுன்னிசா உள்ளறைக் கட்டிலில் படுத்தபடி, அடுத்த அறையில் மைமூன் தன்னை விசாரிப்பதை இரண்டு மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். இருமல் வந்தது, தலையணையைக் கடித்துக்கொண்டேன் என்றார்.

"டிசம்பர் வரட்டுங்கண்ணா. நெக்கா முடிஞ்சு புள்ளைய வண்டி ஏத்தற வரைக்கும் என்ற கால்ல நின்னுட்டேன்னாப் போதும். அதுக்கப்புறம் தெரிஞ்சா தெரியட்டும்."

2025 டிசம்பர் முதல் தேதி நட்சத்திரம் ஏறியது. பத்து போனது. பதினைந்து போனது. கடலில் ஒன்றன்பின் ஒன்றாகத் தாழ்வுநிலை. மேகம் ஊரை மூடியபடியே நின்றது. பகலில் வெயில் இல்லாததால் ஊருக்கு அது குளிர். எல்லோரும் ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு குளக்கரையில் படம் எடுத்தார்கள். ஆனால் இரவில் சூடு இறங்கவே இல்லை. என் வெப்பமானியில் விடியற்காலை 22.6, 23.1, 22.9. காற்றில் ஈரம் தொண்ணூறு சதவீதம். புழுக்கம் என்று மற்றவர்களுக்குத் தோன்றாத அந்தப் புழுக்கம் ஹபீபுன்னிசாவின் காலைப் பிடித்து வைத்துக்கொண்டது.

பதினெட்டாம் தேதி காலை மதிலுக்கு அந்தப்பக்கமிருந்து கேட்டார். அவர் வரவில்லை, குரல் மட்டும் ஜன்னல் வழியாக வந்தது.

"எவ்ளோங்கண்ணா?"

"இருபத்திரண்டு புள்ளி எட்டுங்க."

"உங்க குழாய் கெட்டுப் போயிருச்சாங்க?"

கெட்டுப்போகவில்லை. இரண்டு வெப்பமானிகளை ஒப்பிட்டுப் பார்த்தேன்.

தாரிக் எங்கோ விசாரித்து, ஐஸ் பொட்டலங்கள் செருகிய உள்சட்டை ஒன்றை வரவழைத்தான். வெளிநாட்டில் இந்த நோய்க்காரர்கள் போடுவதாம். குளிர்பதனப் பெட்டியில் வைத்து எடுத்து, பர்தாவுக்குள் மாட்டிக்கொண்டால் உடம்பு ஆறி, கால் கொஞ்ச நேரம் வரும். எவ்வளவு நேரம் என்று பார்ப்பதுதான் இருபதாம் தேதி முதல் எங்கள் வேலை. நான் கடிகாரத்தோடு கூடத்தில் உட்காருவேன். ஹபீபுன்னிசா சுவருக்குச் சுவர் நடப்பார். பதினேழு நிமிடம். பதினெட்டு. மறுபடி பதினெட்டு. இருபத்து நான்காம் தேதி பதினாறுதான். அதன்பின் இடது கால்தான் முதலில் இழுக்கும்.

"பதினெட்டு நிமிசத்துல புள்ளைய எப்பிடிங்க வண்டி ஏத்தறது?" என்றார் பஷீர். "மேடைக்குப் போறதுக்கு அஞ்சு, எல்லாரும் போட்டோ எடுக்க எட்டு..."

"எட்டா?" என்றாள் அஃப்ரா. "போட்டோக்காரன் லைட்டு சரி பண்றதுக்கே எட்டு ஆகும் அத்தா."

"அப்ப போட்டோவே வேண்டாம்!"

"ஏன் கத்தறீங்க? மருமகன் வர்றதுக்குள்ளயே மோட்டாருக்காரரு புகையறாரு" என்றார் ஹபீபுன்னிசா. யாரும் சிரிக்கவில்லை.

இருபத்தைந்தாம் தேதி வியாழக்கிழமை. கிறிஸ்துமஸ். காலை 23.2. ஏழு ஐம்பதுக்கு அவர்கள் வீட்டு வாசலில் ஈரோட்டு வண்டி வந்து நின்றது. மைமூன் முந்தைய நாளே உக்கடத்தில் உறவினர் வீட்டுக்கு வந்து தங்கியிருக்கிறார். தைக்கக் கொடுத்த துணிகளை வாங்கிக்கொண்டு போகும் வழியில் சம்மந்தியைப் பார்க்க வந்துவிட்டார். கையில் பிளம் கேக் பெட்டி.

"ஏனுங்க சம்மந்தி, போன வருசம் உங்ககூட நடந்தது இன்னும் கண்ணுலயே நிக்குது. கெளம்புங்க. கல்யாணம் முடிஞ்சா உங்களுக்கு நேரமிருக்காது, எனக்கும் இருக்காது. என்ன ஒரு காத்து பாருங்க, ஊட்டியாட்ட இருக்குது!"

பஷீர் என்னைப் பார்த்தார். நான் செய்தித்தாள் வாங்கப் போனவன், அவர் வாசலில் நின்றிருந்தேன். ஹபீபுன்னிசா நாற்காலியில் உட்கார்ந்தபடி, "பர்தா மாட்டிட்டு வாரேனுங்க" என்றார். மைமூன் வண்டிக்காரரிடம் ஏதோ சொல்லத் திரும்பிய நேரத்தில் அஃப்ரா அம்மாவைத் தாங்கி உள்ளே கொண்டுபோனாள். குளிர்பதனப் பெட்டி திறந்து மூடும் சத்தம் கேட்டது. அறையில் ஏ.சி.யை உச்சத்தில் வைத்துப் பத்து நிமிடம் உட்கார வைத்தாள். பிறகு வெளியே வந்தவர் நிமிர்ந்து நடந்து வந்தார்.

எட்டு பதினான்கு. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன்.

இரண்டு பெண்களும் முன்னால் போக, முப்பதடி பின்னால் நானும் பஷீரும் உலாப் போகிறவர்கள்போல நடந்தோம். கரைக்கு ஏறியபோது நான்கு நிமிடம். கரை முழுக்கக் கூட்டம். சிவப்புத் தொப்பி போட்ட குழந்தைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். தெரிந்த ஒருவர் கையை ஆட்டினார்.

"கிளைமேட் சூப்பருங்க பாய்! சூரியனையே காணோம்!"

"சூப்பராம் சூப்பரு, மண்ணாங்கட்டி" என்று பஷீர் பல்லுக்குள் சொன்னார்.

ஆறாவது நிமிடத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தால் நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை. ஐஸ் அதன்பாட்டுக்கு உருகிக்கொண்டுதான் இருக்கும். மைமூன் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். பத்து நிமிடம். பதினொன்று.

"எந்திரிச்சுத் திரும்பு புள்ள" என்று பஷீர் முணுமுணுத்தார். "அல்லா, அவள எந்திரிக்க வை."

பதின்மூன்றாவது நிமிடத்தில் எழுந்தார்கள். ஆனால் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. தூரத்தில் கூழைக்கடாக்கள் உட்கார்ந்திருந்த இடத்தை மைமூன் கைகாட்டினார். ஹபீபுன்னிசா ஒரு கணம் நின்றார். பிறகு தலையாட்டிவிட்டு நடந்தார். வேண்டாம் என்று சொல்ல அவரிடம் காரணம் எதுவும் மிச்சமில்லை. கால் சுளுக்கும், தென்காசி மவுத்தும் ஏற்கெனவே செலவாகிவிட்டன.

பதினேழு. பதினெட்டு.

பத்தொன்பதாவது நிமிடத்தில் மைமூன் நின்று திரும்பிப் பார்த்தார். அவர் குரல் எங்கள் வரைக்கும் கேட்டது.

"ஏனுங்க சம்மந்தி, உங்க செருப்பு அங்கயே கெடக்குதே!"

இடது செருப்பு பத்தடி பின்னால் கிடந்தது. கழன்றதே ஹபீபுன்னிசாவுக்குத் தெரிந்திருக்கவில்லை. குனிந்து தன் காலைப் பார்த்தார், வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல. அடுத்த அடியில் முழங்கால் மடங்கியது. மைமூன் இரண்டு கையாலும் இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டார். நாங்கள் ஓடினோம்.

"என்னங்க இது? மேலெல்லாம் ஐஸ்கட்டியா இருக்குது? தண்ணி வேற ஒழுவுது..."

பர்தாவின் ஓரத்திலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. பஷீர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஹபீபுன்னிசா கையைக் காட்டி நிறுத்தினார். அந்தக் கரையிலேயே, நடைபாதையின் சிமெண்ட் தரையில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னார்.

"ஜூன்ல கட்டுப் போட்டது பொய்ங்க. ஆகஸ்டுல தென்காசி போனதும் பொய்ங்க. உள்ளறைலதான் படுத்திருந்தேன். இன்னைக்கு நடந்ததும் பொய்யி. போன வருசம் உங்ககூட நடந்தது மட்டுந்தானுங்க நெசம்."

மைமூன் போய் அந்தச் செருப்பை எடுத்து வந்து அவர் பக்கத்தில் வைத்தார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார், ஹபீபுன்னிசாவிடமல்ல, பஷீரிடம்.

"அஃப்ராவுக்கும் வருமாங்க?"

"நூத்துக்கு ரெண்டு மூணு பேருக்கு வரலாம்னு டாக்டரு சொன்னாருங்க. அவ்ளோதானுங்க எனக்குத் தெரியும்."

மைமூன் தன் வண்டியை வரவழைத்தார். ஹபீபுன்னிசாவைத் தூக்கி ஏற்றி, வீட்டில் இறக்கிவிட்டு, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஈரோட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டார். ஒன்பது ஐந்து மணி. கேக் பெட்டி மேசைமேல் பிரிக்காமல் இருந்தது.

அந்தப் பகல் முழுவதும் அந்த வீட்டில் அடுப்பு பற்றவில்லை. பங்காரம்மா இட்லி கொண்டுபோய்க் கொடுத்தாள், அதுவும் அப்படியே இருந்தது. தாரிக் அத்தாவைப் பார்த்துக் கத்தினான்: "மொதல்லயே சொல்லியிருந்தா போறவங்க போயிருப்பாங்க! இப்ப பத்திரிக்கை குடுத்து ஆயிரம் பேருக்குச் சொல்லியாச்சு!" பஷீர் வாசலில் ஒரு பழைய மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, ஒரே திருகைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக உட்கார்ந்திருந்தார். அஃப்ரா மட்டும் அழவில்லை. "அம்மா வேணாம்ங்கறவங்க எனக்கும் வேணாம்" என்றாள்.

மாலை நான்கு மணிக்கு ஹபீபுன்னிசா என்னைக் கூப்பிட்டனுப்பினார். ஏ.சி. அறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"இருவத்தெட்டாந் தேதி பதினெட்டு புள்ளி ரெண்டுன்னு எழுதிக் குடுத்தீங்களே அண்ணா."

"அது சராசரிங்க அம்மணி. அஞ்சு வருசம் இருபத்திரண்டுக்கு மேல இருந்திருக்குது."

"அத ஏனுங்க எழுதல?"

"அன்னைக்கு நீங்க ரொம்பச் சந்தோசமா இருந்தீங்க" என்றேன்.

அவர் திரும்பவில்லை. "எல்லாருமே என்னைச் சந்தோசமா வெக்கறதுக்குத்தான் பொய் சொல்றீங்க" என்றார்.

ஆறு நாற்பதுக்கு அவருடைய தொலைபேசி அடித்தது. மைமூன். அஃப்ரா ஒலிபெருக்கியைப் போட்டாள்.

"ஊட்டுல எல்லார்த்துகிட்டயும் சொல்லிப்போட்டேனுங்க" என்றார் மைமூன். குரல் களைத்திருந்தது. "மீரானுக்கு மட்டும் முழு நெசத்தையும் சொன்னேன். அவன் அஃப்ராகிட்டப் பேசுவான், கல்யாணத்துல மாத்தமில்லீங்க."

பஷீர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஆனா ஒண்ணு கேளுங்க சம்மந்தி. என்ற நாத்தனாருங்க சும்மா இருக்க மாட்டாங்க. ஏமாத்திட்டாங்கன்னு ஆரம்பிச்சாங்க. நான் என்ன பண்றது? போன மார்ச்சுலதான் நோய் வந்துச்சு, ரெண்டு காலும் சுத்தமாப் போயிருச்சு, அப்பவே எங்கிட்டச் சொல்லிட்டாங்க, நான்தான் வெளிய சொல்ல வேண்டாம்னேன்னு சொல்லிப்போட்டேன். கொஞ்சம் வரும் கொஞ்சம் போகும்னா அவுங்களுக்குப் புரியாதுங்க, நடிப்பும்பாங்க. அதனால ஞாயித்துக்கெழம நீங்க வீல்சேர்லதான் வரோணும். எந்திரிச்சுப் போடாதீங்க. எந்திரிச்சீங்கன்னா நான் பொய்க்காரியாயிருவேன்."

"சரிங்க சம்மந்தி" என்றார் ஹபீபுன்னிசா.

இருபத்தாறாம் தேதி 22.4. தாரிக் ஒரு சக்கர நாற்காலியை வாடகைக்கு எடுத்து வந்தான். அன்று இரவு மேகம் விலகியது. இருபத்தேழு, 20.1. வடக்கிலிருந்து காய்ந்த காற்று வரத் தொடங்கியிருந்தது.

இருபத்தெட்டாம் தேதி ஆறு பத்துக்கு நான் வெப்பமானியைப் பார்த்தேன். 17.4. அந்த டிசம்பரில் அதுவரை மிகக் குளிர்ந்த காலை. மேற்கே வெள்ளியங்கிரி மலை கோடு கோடாகத் தெரிந்தது. குறித்துவிட்டு நிமிர்ந்தால், மதிலுக்கு அந்தப்பக்கம் ஹபீபுன்னிசா நிற்கிறார். சுவரைப் பிடிக்காமல், தடியில்லாமல்.

"எவ்ளோங்கண்ணா?"

சொன்னேன். அவர் சிரிக்கத் தொடங்கி, பாதியில் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு வாசல் கேட் வரை நடந்து போனார். நாற்பத்திரண்டு அடி. கம்பியைப் பிடித்துக்கொண்டு குளக்கரைப் பக்கம் பார்த்தார். பனி அப்படியே நின்றது. உள்ளேயிருந்து பஷீர் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். மண்டபத்துக்குப் போக வண்டி வரும் சத்தம் கேட்டதும், ஹபீபுன்னிசா தானாகவே திரும்பி அதில் உட்கார்ந்தார்.

மண்டபத்தில் ஈரோட்டுப் பெண்கள் வரிசையாக வந்து அவர் கையைப் பிடித்தார்கள். "பாவம், எப்பிடி நடந்துட்டிருந்தவங்க!" என்றார்கள். நாத்தனார் ஒருவர் காலைத் தொட்டுப் பார்த்து, "உணர்ச்சி இருக்குதுங்களா?" என்றார். "இல்லீங்க" என்றார் ஹபீபுன்னிசா. என் இடத்திலிருந்து அவருடைய பாதம் எனக்குத் தெரிந்தது. நாற்காலியின் கால்வைக்கும் பலகையை விரல்கள் அழுத்தி அழுத்தி விட்டுக்கொண்டிருந்தன.

மூன்று மணிக்கு அஃப்ராவை வண்டி ஏற்றினார்கள். மண்டப வாசலிலிருந்து வண்டிக்குப் பதினோரு அடி. அஃப்ரா வண்டிக் கதவருகே போய்த் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். ஹபீபுன்னிசாவின் இரண்டு கைகளும் நாற்காலியின் பிடியில் ஊன்றின. உடம்பு ஒரு விரற்கடை எழும்பியதை நான் பார்த்தேன். பின்னால் நின்ற மைமூன் அவர் தோளில் கை வைத்தார். தடுக்கவா, தேற்றவா என்று தெரியவில்லை. ஹபீபுன்னிசா மறுபடி உட்கார்ந்துவிட்டார். அஃப்ராதான் ஓடி வந்து மடியில் விழுந்தாள்.

அன்றைய இதர விவரத்தில் 'கேட் வரை 42 அடி' என்று எழுதினேன்.

மறுநாள் 16.9. காலையில் யாரும் என்னிடம் வெப்பம் கேட்கவில்லை. மதிலுக்கு அந்தப்பக்கம் பஷீரின் குரல் கேட்டது.

"எல்லாரும் ஊருக்குப் போயாச்சு புள்ள. வா, குளத்துக்குப் போலாம். காத்தப் பாரு."

"உக்கடத்துல அவங்க சொந்தக்காரங்க இருக்காங்க. கரையில யாராச்சும் பாத்து ஈரோட்டுக்கு ஒரு போன் போட்டாங்கன்னா?"

"இந்த வருசம் போகட்டும், அடுத்த வருசம்..."

"அடுத்த வருசம் மட்டும் என்னங்க? அங்க வாழப்போறது என்ற புள்ள."

கொஞ்ச நேரத்தில் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறக்கும் சத்தம் கேட்டது. தெருப்பக்கத்து ஜன்னல் மட்டும் திறக்கவில்லை. பிறகு காலடிச் சத்தம். கூடத்தில் சுவருக்குச் சுவர் பதினான்கு அடி, திரும்பிப் பதினான்கு அடி. இடது கால் இழுக்கவே இல்லை. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஐம்பத்து மூன்று நிமிடம் நடந்தார்.